சிறுநீர் வரவில்லை: ஊறவில்லையா, வெளியேறவில்லையா?

சிறுநீரக நோயாளிகளும் சிறுநீர்ப்பைத் தொல்லை உள்ளவர்களும் சேர்ந்து இருக்கும் வார்டில் பல வருடங்களாக நர்ஸாக வேலை பார்க்கிறேன். எங்கள் வேலையில் பாதி அளப்பதுதான். எத்தனை மில்லி உள்ளே போனது, எத்தனை மில்லி வெளியே வந்தது என்று ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு சார்ட் தொங்கும். புதிதாகச் சேரும் பெண்கள் இதை வெறும் எழுத்து வேலை என்று நினைப்பார்கள். கொஞ்ச நாள் போனதும் அந்த எண்களைப் பார்த்தே ஆள் தேறுகிறாரா, சரிகிறாரா என்று சொல்லத் தொடங்கிவிடுவார்கள். ரத்த அழுத்தம் விழுவதற்கு முன்பே சிறுநீர் குறைந்து எச்சரிக்கை கொடுத்ததைப் பல இரவுகளில் பார்த்திருக்கிறேன்.

"சிஸ்டர், இவருக்கு யூரின் வரல" என்று யாராவது சொன்னால் எங்கள் மனதில் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான். சிறுநீர் ஊறவே இல்லையா, ஊறியது வெளியே வர முடியாமல் நிற்கிறதா? ஊற வைப்பது சிறுநீரகத்தின் வேலை. சேர்த்து வைத்து வெளியேற்றுவது சிறுநீர்ப்பையின் வேலை. முதலாவது கெட்டால் தண்ணீரோ ரத்தமோ மருந்தோ தேவைப்படும். இரண்டாவது கெட்டவருக்குத் தண்ணீர் கொடுத்தால் வேதனைதான் கூடும். ஆனால் வீட்டில் பெரும்பாலும் என்ன நடக்கிறது? அடைத்துக்கொண்டு துடிப்பவருக்கு டம்ளர் டம்ளராகத் தண்ணீரைக் குடிக்கவைத்து, அப்புறம் அழைத்து வருகிறார்கள். பாசத்தில் செய்வதுதான், ஆனால் அந்த மனிதர் படும் பாட்டைப் பார்க்க முடியாது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஊறுவதைப் பார்ப்போம். கடைசி விலா எலும்புகளை ஒட்டி, முதுகுப் பக்கமாக இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 150 கிராம். இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் அளவுக்கு ரத்தத்தைத் தள்ளுகிறது என்றால், அதில் ஒரு லிட்டருக்கும் மேல் இந்த இரண்டுக்கும் போய்விடுகிறது. உடம்பின் எடையில் அரை சதவீதம் கூட இல்லாத உறுப்புக்கு ஐந்தில் ஒரு பங்கு ரத்தம். சுத்தம் செய்வதற்காகவே இவ்வளவும் அங்கே போகிறது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான் எனப்படும் மிகச் சிறிய வடிகட்டிகள் ஏறக்குறைய 10 லட்சம் உண்டு. நெஃப்ரானின் தலைப்பகுதியில் மெல்லிய ரத்தக் குழாய்கள் ஒரு சிறு முடிச்சாகச் சுருண்டிருக்கும். அதற்குள் வரும் ரத்தத்தின் அழுத்தமே தண்ணீரையும் அதில் கரைந்த சிறிய பொருள்களையும் வெளியே தள்ளிவிடும். ரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் உள்ளேயே நின்றுவிடும். இப்படி வடிகிற நீர் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர். நம் உடம்பில் இருக்கும் ரத்தத்தின் நீர்ப்பகுதியோ 3 லிட்டர்தான். ஒரே நீரை நாள் முழுவதும் அறுபது தடவை வடிக்கிறது என்று கணக்கு.

அப்படியானால் 180 லிட்டரும் எங்கே போகிறது? 99 சதவீதம் திரும்ப ரத்தத்துக்கே போகிறது. அலமாரியைச் சுத்தம் செய்கிறவர் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, வேண்டியதை மட்டும் திரும்ப அடுக்குவது போலத்தான் சிறுநீரகம் வேலை செய்கிறது. நெஃப்ரானின் முதல் குழாயிலேயே மூன்றில் இரண்டு பங்கு தண்ணீரும் உப்பும் திரும்ப எடுக்கப்படும். சர்க்கரை முழுவதும் அங்கேயே மீட்கப்படும். எனக்கு இந்த ஏற்பாட்டின் மீது ஒரு தனி மரியாதை உண்டு. உடம்பு ஒவ்வொரு கழிவையும் தேடிப் பிடித்து வெளியேற்ற வேண்டியதில்லை. திரும்ப எடுத்துக்கொள்ளப்படாதது தானாகவே போய்விடும். சில அமிலங்களையும் பென்சிலின் மாதிரி சில மருந்துகளையும் மட்டும் குழாயின் சுவரே ரத்தத்திலிருந்து இழுத்து உள்ளே தள்ளும்.

சர்க்கரை நோய் வந்தவர் அடிக்கடி ஒன்றுக்குப் போவதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை 180 மில்லிகிராமைத் தாண்டும்போது, மீட்டெடுக்கும் செல்களால் ஈடுகொடுக்க முடிவதில்லை. மிஞ்சுகிற சர்க்கரை குழாயிலேயே தங்கி, தண்ணீரையும் தன்னோடு இழுத்துக்கொண்டு வெளியேறும். தாகம் எடுக்கிறது, குடிக்கிறார், மறுபடியும் போகிறார். "தண்ணி நிறையக் குடிக்கிறதால நிறைய போகுது" என்று அவர் சொல்வார். நடப்பது தலைகீழ். நிறையப் போவதால்தான் அவருக்குத் தாகம்.

குழாயின் கடைசிப் பகுதிக்குக் கட்டளை மூளையிலிருந்து வருகிறது. உடம்பில் தண்ணீர் குறைந்தால் மூளை வாசோபிரெசின் என்ற ஹார்மோனை விடும். அது வந்ததும் கடைசிக் குழாய்களின் சுவரில் தண்ணீருக்கான வழிகள் திறந்து, இன்னும் கொஞ்சம் தண்ணீர் ரத்தத்துக்குத் திரும்பும். சிறுநீர் கெட்டியாகி அடர் மஞ்சளாகும். நிறையக் குடித்திருந்தால் ஹார்மோன் குறைந்து, வெளிறிய நீராக இறங்கும். மது இந்த ஹார்மோனை அடக்கிவிடும். குடித்தவர் குடித்த அளவையும் மீறிச் சிறுநீர் கழித்து, மறுநாள் வறண்டுபோய் எழுவது அதனால்தான். இத்தனையும் முடிந்து மிஞ்சுவது நாளைக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர். அதில் 95 சதவீதம் தண்ணீர். மீதி யூரியா, கிரியேட்டினின் என்ற கழிவுப் பொருள்கள், உப்புகள், பழைய சிவப்பணுக்கள் உடைந்ததில் வந்த மஞ்சள் நிறமி.

நிறத்தைப் பற்றிக் கேட்காத நோயாளியே கிடையாது. வெளிர் மஞ்சள் போதும். நிறமே இல்லாமல் போக வேண்டும் என்று லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டியதில்லை. இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருப்பவருக்கு அது ஆபத்தும் கூட. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவருக்கு ஆரஞ்சாகப் போகும், பி விட்டமின் மாத்திரை போட்டவருக்குப் பளிச்சென்ற மஞ்சளாகப் போகும். இவற்றுக்குப் பயப்பட வேண்டாம். வலியே இல்லாமல் ரத்தம் போனால் அதை ஒரு முறை பார்த்தாலும் போதும், டாக்டரிடம் போய்விடுங்கள். "ஒரு தடவைதான் வந்துச்சு, அப்புறம் சரியாப் போச்சு" என்று மாதக் கணக்கில் காத்திருந்து, கடைசியில் சிறுநீர்ப்பையில் கட்டியோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். போகும்போதெல்லாம் நுரை அடங்காமல் நின்றால் புரதம் கசிகிறதா என்று ஒரு பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

ஊறுவது குறையும்போது எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல, ஒரு வயதான அம்மாவை உதாரணம் காட்டலாம். வாந்தியும் வயிற்றுப்போக்கும் அவருக்கு இரண்டு மூன்று நாளாக இருந்திருக்கிறது. மூட்டு வலிக்கு வழக்கமாகப் போடும் மாத்திரையையும் ரத்த அழுத்த மாத்திரையையும் தவறாமல் போட்டிருக்கிறார். "காலையிலிருந்து ஒண்ணுக்கே போகல" என்று மகள் அழைத்து வந்தார். அந்த அம்மா அமைதியாகப் படுத்திருந்தார். அடிவயிறு மெத்தென்று இருந்தது. சிறிய ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தால் சிறுநீர்ப்பை ஏறக்குறைய காலி. ஆக, அடைப்பு எதுவும் இல்லை, ஊறவே இல்லை. ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறியிருந்தது.

உடம்பில் நீர் குறைந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் குறையும். அந்த நேரத்தில் சிறுநீரகம் தனக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயை விரித்து வைத்துச் சமாளிக்கும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் அந்த விரிவைத் தடுத்துவிடும். சில ரத்த அழுத்த மாத்திரைகளும் சிறுநீரகத்தில் நீரை வடிக்கும் அழுத்தத்தை இன்னொரு பக்கத்திலிருந்து குறைக்கும். சாதாரண நாளில் எந்தத் தொந்தரவும் தராத மாத்திரைகள், உடம்பு வறண்டிருக்கும் நாளில் சேர்ந்து சிறுநீரகத்தை முடக்கிவிடலாம். அந்த அம்மாவுக்கு வலி மாத்திரையை நிறுத்தி, நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினோம்.

இப்படிப்பட்டவர்களுக்கு மணிக்கு மணி அளக்கும் பை ஒன்றை மாட்டுவோம். பையின் முன்னால் கோடு போட்ட சிறிய பெட்டி இருக்கும். அதில் சேரும் நீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்க்க, கட்டிலுக்குக் கீழே குனிந்து, கண்ணை அந்தக் கோட்டின் மட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். நின்றபடி பார்த்தால் நாலைந்து மில்லி தப்பாகத் தெரியும். பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லி வீதம் ஒவ்வொரு மணிக்கும் வர வேண்டும். 60 கிலோ எடை என்றால் மணிக்கு 30 மில்லி. அதற்குக் கீழே தொடர்ந்து ஆறு மணி நேரம் போனால் டாக்டரைக் கூப்பிடாமல் இருக்க மாட்டோம். அந்த அம்மாவுக்கு முதலில் தேன் நிறத்தில் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. விடியும்போது 30-ஐத் தாண்டி நிறமும் வெளுத்துவிட்டது.

இதிலிருந்து நான் வீடுகளுக்குச் சொல்வது இதுதான். தினமும் மாத்திரை சாப்பிடும் பெரியவர் வீட்டில் இருந்தால், வாந்தி பேதி வரும் நாளில் எந்த மாத்திரையை நிறுத்தி வைக்கலாம், எதைக் கட்டாயம் தொடர வேண்டும் என்று நல்லபடியாக இருக்கும்போதே டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாமாக நிறுத்துவதும் தப்பு, கேட்காமல் தொடர்வதும் தப்பு.

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாய்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளம், சில மில்லிமீட்டர் அகலம். சிறுநீர் அதில் சும்மா வழிந்து இறங்குவதில்லை. குழாயின் தசை அலை அலையாகச் சுருங்கித் தள்ளுகிறது, அதனால் படுத்திருந்தாலும் இறங்கும். குழாய் பைக்குள் சாய்வாக நுழைவதால், பை சுருங்கும்போது அந்த வாய் தானாக அமுங்கிக்கொள்ளும், சிறுநீர் மேலே ஏறாது. கல் வந்து அடைத்தால் இந்த அலைகளும் மேலே தேங்கும் அழுத்தமும்தான் அந்தக் கொடூரமான வலியைக் கொடுக்கின்றன. கல்லடைப்புக்காரரை நாங்கள் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவோம். அவரால் ஒரு நிலையில் படுக்க முடியாது. புரள்வார், எழுவார், நடப்பார், மறுபடி படுப்பார்.

ஒரு பக்கம் முழுவதும் அடைத்திருந்தாலும் மற்ற சிறுநீரகம் ஊற வைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே "யூரின் நல்லாத்தான் போகுது, கல்லு போயிருக்கும்" என்று முடிவுகட்டக் கூடாது. வலி நின்றாலும் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். 5 மில்லிமீட்டருக்குக் குறைவான கற்கள் பெரும்பாலும் தாமாகவே இறங்கிவிடும். கல்லோடு குளிர்காய்ச்சல் சேர்ந்துவிட்டால் அது அவசரம், காலைவரை காத்திருக்காதீர்கள்.

இனி வெளியேற்றம். என் அனுபவத்தில் வீட்டினருக்குக் குறைவாகத் தெரிந்திருப்பதும், தெரிந்தால் அதிகம் உதவுவதும் இந்தப் பகுதிதான்.

சிறுநீர்ப்பை முழுக்கத் தசையால் ஆனது. சேரச் சேர அது விரிந்து கொடுக்கும், ஆனால் உள்ளே அழுத்தம் அதிகம் ஏறாது. 150 முதல் 200 மில்லி சேரும்போது லேசாகத் தெரியும். 400, 500 மில்லியில் பொறுக்க முடியாமல் போகும். வாயில் இரண்டு வளையத் தசைகள் உண்டு. உள்வளையம் நம் கட்டுப்பாட்டில் இல்லை, வெளிவளையம் நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பை நிறையும் செய்தி முதுகுத்தண்டின் அடிப்பகுதி வழியாக மூளைத்தண்டுக்குப் போகிறது. போகலாமா, பொறுக்கலாமா என்று முடிவெடுப்பது மூளையின் முன்பகுதி. சின்னக் குழந்தைகளுக்கு அந்தப் பகுதி இன்னும் பழகவில்லை. பக்கவாதம் வந்த சிலருக்கு அதே இடம் பாதிக்கப்படுகிறது. படுக்கையை நனைத்ததற்காக இந்த இரண்டு பேரையும் கடிந்துகொள்வதைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுக்காது. அவர்கள் வேண்டுமென்று செய்யவில்லை.

போகலாம் என்று உத்தரவு வந்ததும் முதலில் வெளிவளையம் தளரும். அதற்குப் பிறகே பை சுருங்கும். இந்த வரிசை முக்கியம். நல்ல நிலையில் இருப்பவர் முக்க வேண்டியதே இல்லை, தளர்ந்தால் போதும், பை தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். முக்கி முக்கித்தான் போக வேண்டியிருக்கிறது என்றால் அதுவே ஒரு அறிகுறி. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், 3 கிலோவுக்கு மேல் எடையுள்ள பாலூட்டிகள், யானை உட்பட, சிறுநீர்ப்பையைக் காலி செய்ய எடுத்துக்கொள்ளும் நேரம் சராசரியாக 21 விநாடி என்று கண்டார்கள். ஒவ்வொருவருக்கும் கூடக் குறைய இருக்கும். ஆனாலும் ஒன்றரை நிமிடம், இரண்டு நிமிடம் என்று நிற்க வேண்டியிருந்தால் அதை வயது என்று சொல்லித் தள்ளிவிடாதீர்கள்.

இந்த வரிசையைப் புரிந்துகொண்டதால் வார்டில் எத்தனையோ பேருக்குச் சிறுநீரை வடிக்கும் குழாய் போடுவதைத் தவிர்க்க முடிந்திருக்கிறது. அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவர், சுற்றிலும் ஆட்கள், கையில் ஒரு பாத்திரத்தைக் கொடுத்து "போங்க, போங்க" என்றால் எப்படிப் போவார்? கூச்சத்தில் வெளிவளையம் இறுகிவிடும். இறுகியிருக்கும்வரை பைக்குச் சுருங்க உத்தரவு போகாது. நான் முதலில் திரையை இழுத்துவிட்டு உறவினர்களை வெளியே அனுப்பிவிடுவேன். எழ அனுமதி இருந்தால் கட்டில் விளிம்பில் உட்காரவைப்பேன், அல்லது கழிவறைக்கே அழைத்துப் போவேன். தண்ணீர்க் குழாயைத் திறந்து, ஓடும் சத்தம் கேட்கும்படி விடுவேன். வலி இருந்தால் முதலில் அதற்கு மருந்து. அப்புறம் கதவுக்கு வெளியே பேசாமல் நிற்பேன், அவசரப்படுத்த மாட்டேன். பலருக்கு அது போதும். வீட்டில் படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்பவர்களும் இதைச் செய்யலாம். மறைவும் நேரமும் கொடுப்பது மரியாதைக்காக மட்டுமில்லை, தசை தளர்வதற்கும் அதுதான் தேவை.

இனி அடைப்பைப் பற்றி. எழுபது வயதைத் தாண்டிய ஒரு ஐயா இரண்டாக வளைந்தபடி உள்ளே வந்தார். ஒரு கை அடிவயிற்றில். நெற்றியெல்லாம் வியர்வை. முந்தின நாள் சளிக்கு மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். ராத்திரியிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. மகன் ஒரு பெரிய பாட்டில் தண்ணீரைக் குடிக்கவைத்திருக்கிறார். தொப்புளுக்குக் கீழே விரலால் தட்டினால் கல் மாதிரி மந்தமான சத்தம். அந்த இடத்தில் கை பட்டதும் துடித்துப்போனார்.

இவருக்குச் சிறுநீரகம் நன்றாகவே வேலை செய்திருக்கிறது. வழிதான் அடைத்திருக்கிறது. ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் வாய்க்குக் கீழே, வெளியேறும் குழாயைச் சுற்றி பிராஸ்டேட் சுரப்பி இருக்கிறது. வயதாக வயதாக அது பருத்துக் குழாயை நெருக்கும். அந்த நெருக்கத்தோடு பல வருடம் ஓடிவிடும். சூடோஎஃபெட்ரின் சேர்ந்த சளி மாத்திரை உள்வளையத்தை இறுக்கும். குளோர்ஃபெனிரமின் மாதிரியான தும்மல் மருந்து பையின் தசையைத் தளர்த்தும். வாசல் இறுகி, தள்ளும் தசையும் சோர்ந்தால் அன்றைக்கு முழு அடைப்பு. கடும் மலச்சிக்கலும், சில மன அழுத்த மாத்திரைகளும், முதுகில் மயக்க ஊசி போட்ட அறுவை சிகிச்சையும் இதே நிலைக்குக் கொண்டுவரும்.

குழாய் போடும்போது பயம் எல்லோருக்கும் வரும். மரத்துப்போக வைக்கும் ஜெல்லியை முதலில் செலுத்திக் கொஞ்ச நேரம் காத்திருப்போம். அந்த நேரத்தை நான் ஒருபோதும் குறைப்பதில்லை. "ஐயா, மூச்சை நல்லா இழுத்து மெதுவா விடுங்க" என்று சொல்லிக்கொண்டே, அவர் மூச்சை விடும்போது மெல்ல உள்ளே நகர்த்த வேண்டும். சிறுநீர் வருவது தெரிந்ததும் இன்னும் கொஞ்சம் தள்ளி, பிறகுதான் நுனியில் இருக்கும் பலூனில் 10 மில்லி சுத்த நீரை ஏற்றுவோம். பலூன் பைக்குள் இருப்பதால் குழாய் நழுவாது. 1930-களில் ஃபிரெடெரிக் ஃபோலி என்ற அமெரிக்க மருத்துவர் உருவாக்கியதால் இன்றும் அதற்கு ஃபோலி கதீட்டர் என்றே பெயர். அந்த ஐயாவுக்கு ஒரு லிட்டருக்குப் பக்கம் இறங்கியது. பாதி இறங்கும்போதே வலி போய், கண்ணை மூடிக்கொண்டார். பல மணி நேரம் அடைத்துத் திறந்த சிலருக்கு அடுத்து மணிக்கு 200 மில்லிக்கு மேல் கொட்டத் தொடங்கும். அதனால் குழாய் போட்டதோடு வேலை முடிந்தது என்று உடனே வீட்டுக்குக் கிளம்பத் துடிக்காதீர்கள். அளந்து பார்க்கவிடுங்கள்.

பிராஸ்டேட் தொல்லை இருப்பவர் மருந்துக் கடையில் சளி மாத்திரை கேட்கும்போது "எனக்கு பிராஸ்டேட் வீக்கம் இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். அடைத்த பிறகு தண்ணீர் குடிக்கவைக்காதீர்கள், வயிற்றை அழுத்தாதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

வலியோடு வரும் அடைப்பைவிட, வலியில்லாமல் மெல்ல வரும் அடைப்பு எனக்கு அதிகக் கவலை தருவது. நீண்ட நாள் சர்க்கரை நோய் நரம்பை மழுங்கடித்திருந்தால், பை நிரம்பியதே தெரியாது. பை தளும்பி, சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டே இருக்கும். "அடைப்பெல்லாம் இல்ல சிஸ்டர், அதுபாட்டுக்கு ஒழுகிட்டே இருக்கு" என்பார்கள். ஸ்கேன் செய்து பார்த்தால் பை முழுக்க நீர். அந்தத் தேக்கத்தின் அழுத்தம் மேலே ஏறி, இரண்டு சிறுநீரகங்களும் வீங்கி, கிரியேட்டினினும் உயர்ந்திருக்கும். வெளியேற்றத்தின் கோளாறு கடைசியில் ஊறுவதையே கெடுத்துவிடுகிறது. இடைவிடாத கசிவு, அதோடு மேடாகத் தெரியும் அடிவயிறு, இந்த இரண்டும் சேர்ந்து இருந்தால் உடனே காட்டுங்கள்.

குழாயோடு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லும் சில விஷயங்கள் உண்டு. சிறுநீர் வடிந்து சேரும் பிளாஸ்டிக் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். எழுப்பி நடக்கவைக்கும்போது பையைத் தூக்கி மடியில் வைத்தால், பையில் தேங்கியது குழாய் வழியாகத் திரும்ப உள்ளே போகும், கிருமியும் கூடவே போகும். கீழே தொங்கினாலும் பை தரையைத் தொடக் கூடாது. முக்கால் பங்கு நிறையும்வரை விடாமல் முன்பே காலி செய்யுங்கள், வடிக்கும் வாய் பாத்திரத்தில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழாயைத் தொடையோடு பட்டை போட்டு ஒட்டிவிட்டால் இழுபடாது. புரண்டு படுக்கும்போது குழாய் இழுபட்டு ரத்தம் வருவதுதான் வீட்டில் அதிகம் நடப்பது. குழாய் நுழையும் இடத்தைத் தினமும் சோப்புத் தண்ணீரால் கழுவினால் போதும், டெட்டால் எல்லாம் வேண்டாம். பையில் சிறுநீர் சேரவில்லை என்றால் பதறுவதற்கு முன் குழாயைக் கையால் தடவிக்கொண்டே போங்கள். எங்காவது மடங்கியிருக்கும், இல்லை அவர் அதன் மேல் படுத்திருப்பார். மடிப்பு இல்லை, இரண்டு மூன்று மணி நேரமாகச் சேரவும் இல்லை, வயிறும் இறுகுகிறது என்றால் குழாய் அடைத்திருக்கிறது.

குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்றுக்கான வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். ஒரு மாதத்தில் ஏறக்குறைய எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி தென்படும். காய்ச்சலோ வலியோ இல்லாதபோது அந்தக் கிருமிக்கு ஆன்டிபயாட்டிக் கேட்க வேண்டாம். கேட்க வேண்டிய கேள்வி வேறு: "டாக்டர், இந்தக் குழாய் இன்னும் தேவையா? எப்போ எடுக்கலாம்?" தயங்காமல் ஒவ்வொரு முறையும் கேளுங்கள். வசதிக்காக விட்டுவைக்கப்படும் குழாய்கள் நிறைய இருக்கின்றன.

பெண்களுக்கு வெளியேறும் குழாய் 4 சென்டிமீட்டர்தான், ஆண்களுக்கு 20 வரை போகும். நீர்க்கடுப்பும் தொற்றும் பெண்களை அதிகம் பிடிப்பதற்கு இந்தக் குறுகிய தூரம் ஒரு பெரிய காரணம். இருமினால், தும்மினால் கசிகிறது என்று ஒரு பெண் வாய்விட்டுச் சொல்லப் பல வருடம் ஆகிறது. அதுவரை அவர் செய்வது தண்ணீரைக் குறைப்பது. கெட்டியான சிறுநீர் பையின் உட்சுவரை எரிச்சலூட்டி இன்னும் அவசரத்தைக் கொடுக்கும், தொற்றும் எளிதில் வரும். இடுப்படித் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை 1948-இல் ஆர்னால்டு கெகல் என்ற மருத்துவர் எழுதி வைத்தார். இன்றும் முதல் சிகிச்சை அதுதான். சில விநாடி இறுக்கி, அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். பலன் தெரிய மூன்று மாதம் வரை ஆகலாம். சிறுநீர் போகும்போதே நிறுத்தி நிறுத்திப் பழகாதீர்கள், பை சரியாகக் காலியாகாமல் போகும். கழிப்பறை அசுத்தம் என்று முழுசாக உட்காராமல் அந்தரத்தில் நிற்கும்போதும் அடித்தசை தளராது, கொஞ்சம் தங்கிவிடும்.

"ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கேன், தூக்கமே இல்ல" என்பது வயதானவர்களிடம் நான் அதிகம் கேட்கும் புகார். இங்கேயும் அதே கேள்விதான். ராத்திரியில் அதிகம் ஊறுகிறதா, ஊறியதைப் பிடித்துவைக்கப் பைக்கு முடியவில்லையா? பகலில் கால் வீங்குபவர் இரவில் படுத்ததும், காலில் தேங்கிய நீரெல்லாம் ரத்தத்துக்குத் திரும்பி சிறுநீரகத்துக்குப் போகும். அதோடு, இரவில் ஏற வேண்டிய வாசோபிரெசின் வயதானால் ஏறுவது குறைகிறது. இவருக்கு பிராஸ்டேட் மருந்தைக் கூட்டினால் என்ன பலன் கிடைக்கும்? மாலையில் ஒரு மணி நேரம் கால்களை உயர்த்தி வைத்து உட்கார்ந்தால், படுப்பதற்கு முன்பே அந்த நீர் இறங்கிவிடும். நீர் பிரிக்கும் மாத்திரையை எந்த நேரத்தில் போடுவது என்றும் டாக்டரிடம் கேட்கலாம். இரவில் எழும் ஆண்கள் உட்கார்ந்தே போவது நல்லது. தூக்கத்திலிருந்து எழுந்ததும் நின்றபடி போகும்போது ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழுவதுண்டு, பிராஸ்டேட்டுக்காக டாம்சுலோசின் மாதிரி மாத்திரை சாப்பிடுபவருக்கு இன்னும் அதிகம்.

எது காரணம் என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. அளவுக் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளையும் ஒரு தாளும் போதும். மூன்று நாள், இரவும் பகலும், போகும் ஒவ்வொரு முறையும் மணியையும் மில்லியையும் எழுதுங்கள். என்ன குடித்தீர்கள், எப்போது குடித்தீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். படுத்த பிறகு போனதையும், காலையில் எழுந்ததும் முதலில் போனதையும் கூட்டிப் பாருங்கள். வயதானவருக்கு அது 24 மணி நேர மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் இரவில் அதிகம் ஊறுகிறது என்று பொருள். மொத்தம் சரியாக இருந்து, ஒவ்வொரு முறையும் 80, 100 மில்லிதான் என்றால் பார்க்க வேண்டியது சிறுநீர்ப்பையையும் பிராஸ்டேட்டையும். அந்தத் தாளை டாக்டரின் மேசையில் வையுங்கள். "அடிக்கடி போகுது" என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு அவர் ஊகிக்க வேண்டிய வேலை மிச்சமாகும், உங்களுக்கும் தேவையில்லாத மாத்திரை மிச்சமாகும்.